ஒற்றை மேஜோடு

எங்கள் வீட்டில் யாரும் காலுக்கு மேஜோடு போட்டதில்லை. பாளையங்கோட்டை வெயிலுக்குச் செருப்பே அதிகப்படி. அதற்கு மேல் காலுக்கு ஒரு கம்பளிச் சட்டையும் மாட்டிக்கொண்டு ஒருவன் தெருவில் போனால், பாவம், குளிர்காய்ச்சல் போலிருக்கிறது என்று வழிவிட்டு ஒதுங்குவார்கள். ஆனாலும் கிறிஸ்மஸ் வந்தால் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பியில் ஒரு மேஜோடு தொங்கும். சாம்பல் நிறம், மேலே சிவப்புக் கரை, என் உயரத்தில் பாதி நீளம். ஜோடி கிடையாது, ஒற்றைதான்.

அது வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். இருபதாம் நூற்றாண்டு பிறந்து கொஞ்ச காலந்தான் ஆகியிருந்தது. அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அம்மா பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தையல் சொல்லிக்கொடுத்தாள். அந்தப் பள்ளிக்கூடத்தை நடத்திய துரைசானியம்மாவுக்கு டிசம்பர் மாதம் சீமையிலிருந்து ஒரு மரப்பெட்டி வரும். தூத்துக்குடி வரை கப்பல், திருநெல்வேலி வரை ரயில், அப்புறம் மாட்டு வண்டி. பெட்டியை அனுப்பிய புண்ணியவதிகள் நல்ல மனசுக்காரர்கள்தான். ஆனால் உலகம் முழுவதும் தங்கள் ஊரைப்போலவே குளிரில் விறைத்துக் கிடக்கிறது என்பது அவர்கள் நினைப்பு. பெட்டியைத் திறந்தால் கம்பளிக் குல்லாய், கம்பளிக் கையுறை, கழுத்தில் சுற்ற ஒரு கம்பளித் துண்டு என்று வந்துகொண்டே இருக்கும். தாமிரபரணியில் நாளுக்கு இரண்டு தடவை முழுகினால்தான் உயிர் தரிக்கும் என்றிருந்த ஊருக்கு!

அந்த வருஷம் அம்மாவின் பங்குக்கு ஒரு ஜோடி மேஜோடு வந்தது. துரைசானியம்மாவே தன் தமிழில் அதன் வழக்கத்தையும் விளக்கினாளாம். பண்டிகைக்கு முந்தின நாள் பிள்ளைகளின் கட்டில் காலில் இதைத் தொங்கவிட வேண்டும். இல்லாவிட்டால் அடுப்புக்கு மேலே தொங்கவிடலாம். விடிந்து பார்த்தால் உள்ளே வெகுமதி இருக்கும். இதை வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே.

“கால்ல போடுததுக்குள்ள திங்கிற பண்டத்தப் போட்டு, அத அடுப்புக்கு மேல கட்டித் தொங்கவிடணுமாம். நம்ம வீட்டு அடுப்புல சோத்துப்பானையில்லா இருக்கு!”

கட்டிலும் எங்களுக்குக் கிடையாது. அக்கா, நான், தம்பி மூன்று பேரும் ஒரே கோரைப்பாயில் படுத்து, போர்வையைத் திசைக்கொருவராக இழுத்தவர்கள். ஆனால் அப்பா கணக்கு வாத்தியார் அல்லவா, எதற்கும் ஒரு விடை வைத்திருப்பார். இது புது மேஜோடு, இதற்குள் இன்னும் ஒரு காலும் நுழையவில்லை, கால் நுழையாத வரைக்கும் இது வெறும் பைதான்; இனிமேலும் இந்த வீட்டில் யாரும் இதற்குள் கால் விடக்கூடாது, தீர்ந்தது விஷயம் என்று சொல்லிவிட்டார். அம்மா அரைமனதாகச் சம்மதித்தாள். சம்மதித்த கையோடு ஜோடியில் ஒன்றைப் பிரித்துத் தம்பிக்குக் குல்லாய் பின்னினாள். மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பை போதாதா என்பது அவள் கட்சி. அந்தக் குல்லாயைப் போட்ட அன்றைக்கே தம்பிக்குத் தலை முழுக்க வேர்க்குரு வந்துவிட்டது.

ஒற்றை மேஜோட்டை மூன்று பேர் பங்குபோட வேண்டியிருந்ததால் எங்கள் வீட்டு வழக்கம் சீமை வழக்கத்திலிருந்து விலகித் தன் போக்கில் வளர்ந்தது. விடியற்கால ஆராதனை முடிந்து, புதுத்துணி கசங்காமல் நடக்கப் பிரயாசைப்பட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவோம். அப்பா ஜன்னலிலிருந்து மேஜோட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொள்வார். கண்ணை மூடிக்கொண்டு கையை உள்ளே விட வேண்டும். முதலில் எது அகப்படுகிறதோ அது உனக்கு. தடவிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கக்கூடாது, பிடிக்கவில்லை என்று திரும்பப் போடக்கூடாது. இளையவன் முதலில், மூத்தவள் கடைசியில். இப்படியே சுற்றிச் சுற்றி மேஜோடு காலியாகும் வரைக்கும்.

முதல் வருஷம் அம்மா அதற்குள் கருப்பட்டி மிட்டாயும் போட்டுவிட்டாள். எங்களுக்கு முன்னால் எறும்புகள் பண்டிகை கொண்டாடிவிட்டன. ஆசையோடு கையை விட்ட தம்பி போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டு உபதேசியார் ஜெபத்தை நிறுத்திவிட்டு ஓடிவந்தார். அதற்குப் பிறகு தின்பண்டமெல்லாம் பனையோலையில் முடைந்த கொட்டானோடு நின்றுவிட்டது. மேஜோட்டுக்குள் பம்பரம், கோலிக்குண்டு, கண்ணாடி வளையல், ரிப்பன், சிலேட்டுக் குச்சி, தகர ஊதல் என்று எறும்புக்கு ஆகாத சாமான்கள் மட்டும் இருக்கும்.

யாருக்கு எது வேண்டுமோ அது அவர்களுக்கு வரவே வராது. ஒரு வருஷம் வளையல் தம்பி கைக்குப் போயிற்று. அக்கா கேட்டால் கொடுத்துத் தொலைக்க வேண்டியதுதானே? மாட்டேன் என்று அன்று முழுவதும் தானே போட்டுக்கொண்டு அலைந்தான். அக்காவுக்குப் பம்பரம் கிடைத்தது. முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள், தெருப் பையன்களின் பம்பரங்களையெல்லாம் குத்திப் பிளந்தபிறகு சமாதானமானாள். எனக்கு வருஷம் தவறாமல் சிலேட்டுக் குச்சிதான். கணக்கு வாத்தியார் மகளுக்குக் கணக்குச் சரியாக வராது என்பது அந்த மேஜோட்டுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

இந்தக் கூத்தெல்லாம் முடிந்து வெயில் ஏறுவதற்குள் அம்மா மேஜோட்டை மடித்து, துணிக்கு அடியில் ஒளித்துவைத்துவிடுவாள். ஏனென்றால் அந்த நேரத்துக்கு அத்தை வருவாள்.

அத்தை, அப்பாவின் அக்கா. திருநெல்வேலி டவுணில் ரத வீதியை ஒட்டி வீடு, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் வயல். பரம சைவம். தாயில்லாத அப்பாவை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள்தான். அந்தத் தம்பி காலேஜில் படிக்கப் போன இடத்தில் ஞானஸ்நானம் வாங்கி வேதத்தில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று, அத்தை வாசலில் வந்து நின்று, “இனிமே அவனத் தொடமாட்டேன். அவங் கையால ஒரு துரும்பு வாங்கமாட்டேன். இது நெல்லையப்பர் மேல ஆணை” என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டாள். கோபத்தில் வந்த வார்த்தைதான். ஆனால் சுவாமி பேரைச் சொல்லியாயிற்றே, அப்புறம் எப்படி விழுங்குவது?

தொடமாட்டாள், வாங்கமாட்டாள். பார்க்காமல் இருக்கவும் அவளால் முடியவில்லை. அக்கா பிறந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்மஸ் அன்றும் அவளுடைய வில்வண்டி எங்கள் வாசலில் வந்து நிற்கும். கிருஷ்ணாபுரம் பெருமாள் கோயிலுக்குப் போகிற வழி, அதனால் எட்டிப் பார்த்தேன் என்பாள். சிவன் கோயிலைத் தவிர வேறு வாசல் மிதிக்காதவளுக்கு வருஷத்தில் அந்த ஒரு நாள் மட்டும் பெருமாள் மேல் எங்கிருந்து பக்தி பொங்கியதோ தெரியாது. வண்டி ஒரு தடவைகூடக் கிருஷ்ணாபுரம் ரோட்டில் போனதில்லை. எங்கள் வாசலிலேயே திருப்பி, ஆற்றுப் பாலம் தாண்டி வந்த வழியே டவுணுக்குப் போய்விடும்.

வண்டியைவிட்டு இறங்கவும் மாட்டாள். வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி, உள்ளே இருந்தபடியே எங்கள் மூன்று பேரையும் இழுத்து அணைத்துக் கன்னத்தைக் கிள்ளுவாள். பிள்ளைகள் மேல் ஆணை எதுவும் இடவில்லை, வீட்டுக்குப் போய்க் குளித்துக்கொண்டால் போதும் என்பது அவள் கணக்கு. வாழைத்தார், தேங்காய், கத்தரிக்காய், வத்தல், வடகம் எல்லாம் இறங்கும். பிறகு அம்மாவைக் கூப்பிட்டு அடுப்படி விசாரணை.

“ஏளா, சொதி வச்சியா?”

“வச்சிக்கிட்டுத்தான் இருக்கேன் மதினி.”

“இஞ்சிப் பச்சடி?”

“அரைச்சாச்சு.”

“மொதப் பால விட்டப்புறம் கொதிக்க விட்டிராத. திரிஞ்சு போச்சுன்னா அவன் வயித்துக்குச் சேராது.”

அவன் என்பது நாலடி தள்ளி நிற்கும் அப்பா. அப்பா வேதத்தை மாற்றிக்கொண்டாரே தவிர நாக்கை மாற்றிக்கொள்ளவில்லை. ஊரெல்லாம் ஆட்டுக்கறி மணக்கும் கிறிஸ்மஸ் அன்று எங்கள் வீட்டில் மட்டும் தேங்காய்ப்பால் சொதி. அத்தையும் அப்பாவும் நேராகப் பேசிக்கொள்ளமாட்டார்கள். அம்மா வழியாகப் பேசுவார்கள், அம்மா அகப்படாவிட்டால் வண்டி மாட்டின் வழியாகப் பேசுவார்கள்.

“மாடு எளைச்சிருக்கே” என்பார் அப்பா.

“மாடு நல்லாத்தான் இருக்கு. வாத்தியார் வேலைதான் ஆள உருக்குது போல” என்று அத்தை மாட்டைப் பார்த்துச் சொல்வாள்.

அப்பா வருஷா வருஷம் அவளுக்கென்று ஏதாவது வாங்கிவைப்பார். ஒரு வருஷம் தந்தச் சீப்பு, ஒரு வருஷம் பாக்குவெட்டி, ஒரு வருஷம் சந்தனப் பேழை. நீட்டமாட்டார், கையில் வைத்துக்கொண்டு நிற்பார். அத்தை அதைப் பார்ப்பாள். நன்றாகவே பார்ப்பாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு வண்டியை எடுக்கச் சொல்வாள். சீப்பும் பாக்குவெட்டியும் டிரங்குப் பெட்டிக்குள் போய்ச் சேரும். வண்டிக்காரர் கையில் கொடுத்துவிட்டால் என்ன என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். “எங் கையால வாங்குனா வாங்கட்டும். இல்லன்னா பெட்டியிலேயே கெடக்கட்டும்” என்றார் அப்பா. அக்காவுக்குத் தப்பாமல் பிறந்த தம்பி.

அன்றைக்குச் சொதி எவ்வளவு நன்றாக அமைந்தாலும் அப்பா இரண்டு கவளத்தோடு எழுந்துவிடுவார். பண்டிகையும் அதுவுமாக அவர் இலையில் மீந்து கிடக்கும் சோற்றைப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். அத்தை மேல் ஆத்திரம், அப்பா மேலும் ஆத்திரம். அவருக்கு வேண்டியிருந்தது என்ன பெரிய காரியம்? அவர் வீட்டிலிருந்து அவருடைய அக்கா ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போக வேண்டும். அது நடக்கவில்லை.

இதெல்லாம் போதாதென்று, மேஜோட்டைக் கண்டால் அத்தை என்ன சொல்வாளோ என்று அம்மாவுக்குப் பயம். “ஏற்கெனவே வேதத்துக்குப் போனவங்கன்னு பேரு. இப்ப கால்ல போடுததுக்குள்ள பண்டத்தப் போட்டுத் திங்காங்கன்னு டவுண் பூராப் பரவிரும்” என்பாள். அதனால்தான் அத்தனை அவசரமாக மடித்து ஒளித்ததெல்லாம்.

ஒரு வருஷம் தேங்காய் கொஞ்சம் முற்றலாகப் போய்விட்டது. பாலைப் பிழிகிற மும்முரத்தில் அம்மா மேஜோட்டை மறந்துபோனாள். வண்டி வந்து நின்றதும் தம்பி அதைக் கையில் தோள்பட்டை வரைக்கும் மாட்டிக்கொண்டு, ஊதலை ஊதியபடி வெளியே ஓடினான். நானும் அக்காவும் தடுக்கப் பார்த்தோம். அதற்குள் அவன் வண்டிக்குள் ஏறிவிட்டான்.

“இது என்னலே கையில?” என்றாள் அத்தை.

“இதுக்குள்ள கைய விட்டா ஏதாவது கெடைக்கும் அத்த. எனக்கு ஊதல் கெடச்சுது.”

அத்தை அதைக் கழற்றி வாங்கி, சிவப்புக் கரையை விரலுக்கிடையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தாள். “கம்பளியால்லா இருக்கு?”

“ஆமா. துரைசானியம்மா குடுத்தது.”

மாட்டுக்கறி தின்கிற துரைசானி கொடுத்தது என்றதும் அத்தை அதைத் தெருவில் வீசப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வீசவில்லை.

“யாரு குடுத்தா என்ன. கம்பளிக்கும் பட்டுக்கும் தீட்டுக் கெடையாதுல்லா” என்றாள்.

ஆசாரம் பார்க்கிற வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. பருத்தித் துணி பட்டவுடன் தீட்டை வாங்கிக்கொள்ளும். பட்டும் கம்பளியும் யார் கையில் இருந்து வந்தாலும் சுத்தம்தான். வெள்ளைக்காரத் துரைசானிக்கும் அந்தச் சலுகை உண்டு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அத்தை மேஜோட்டை முழுசாக மடியில் விரித்தாள். “இதென்ன, முழங்கை கணக்கா நடுவுல வளைஞ்சு கெடக்கு?”

“அதுவா? அதுதான் குதிகா…” என்று தம்பி ஆரம்பித்தான். அக்கா எட்டி அவன் வாயைப் பொத்தினாள்.

“சீமையில பையெல்லாம் அப்படித்தான் பின்னுவாங்க அத்த.” கொஞ்சமும் கண் இமைக்கவில்லை அவள். ஆண்பிள்ளையாகப் பிறந்திருந்தால் வக்கீலுக்குப் படிக்கவைத்திருக்கலாம்.

அத்தை பையைத் தடவிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, எங்கள் யாரையும் பார்க்காமல், மாட்டுக்குப் பக்கத்தில் நின்ற வண்டிக்காரரைக் கேட்டாள்.

“ஏய்யா, இதுக்குள்ள ஒரு சாமான் கெடக்குன்னு வச்சுக்கோ. நானா கைய விட்டு எடுத்தா, அது யாரு கையால வாங்குனதாவும் ஆகாதுல்லா?”

வண்டிக்காரர் வருஷக்கணக்காக அந்த வாசலில் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றவர். யோசிக்கவே இல்லை. “அது எப்படி ஆச்சி ஆகும்? நீங்களாத்தான எடுக்கிய.”

“நானும் அதத்தான் சொல்லுதேன்” என்றாள் அத்தை, ஏதோ அவர்தான் அவளைச் சம்மதிக்கவைத்தது போல.

அக்கா அவள் மடியிலிருந்து மேஜோட்டை உருவிக்கொண்டு வீட்டுக்குள் பறந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அப்பா நடையில் நின்றுகொண்டிருந்தார். அந்த வருஷத்துச் சாமான் கையில் இருந்தது. வெற்றிலைச் சுண்ணாம்பு வைக்க வெள்ளியில் ஒரு கரண்டகம், எலுமிச்சம்பழ அளவு. வாயில் வெற்றிலை இல்லாமல் அத்தையை யாரும் பார்த்ததில்லை. அக்கா நடந்ததையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். அம்மா தேங்காய்ப்பால் சொட்டுகிற கையோடு அடுப்படியிலிருந்து வந்து நின்றாள்.

அப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. “கம்பளி வழியா வாங்குவாளாமா? நல்ல நியாயமாத்தான் இருக்கு. கூடப் பொறந்தவன் கைக்குத் தீட்டு உண்டு, ஆட்டு முடிக்குத் தீட்டு இல்ல! இந்தக் கூத்துக்கு நானும் தாளம் போடணுமா?”

அவர் சொன்னதில் ஒரு பிசகும் இல்லை. எல்லாச் சாதிப் பிள்ளைகளையும் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பதற்காக எத்தனையோ தகப்பன்மாரோடு மல்லுக்கு நின்றவர் அவர். அம்மாவுக்கும் அது தெரியும்.

“நியாயமெல்லாம் உங்க பக்கந்தான்” என்றாள் அம்மா. “அதையும் அந்த டிரங்குப் பெட்டியில வச்சிப் பூட்டுங்க. சீப்புக்கும் பாக்குவெட்டிக்கும் தொணையா இருக்கும். அவ வாயத் தொறந்து கேட்டுட்டா. இதுக்கு மேல அவ எப்படி எறங்கி வருவா?”

அப்பா கரண்டகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார், மறுபடியும் இந்தக் கைக்கு மாற்றினார். வாசலில் தம்பி ஊதலை ஊதுகிற சத்தம் கேட்டது. மாட்டுக் கழுத்து மணி கேட்டது. வண்டியைத் திருப்பப் போகிறார்களோ என்று வாசலை எட்டிப் பார்த்தேன். அப்பா, போங்களேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது, கத்தத்தான் தைரியம் வரவில்லை.

அப்பா என் அக்கா கையிலிருந்து மேஜோட்டை வாங்கினார். கரண்டகத்தை உள்ளே போட்டார். அது வளைவைத் தாண்டி நுனிக்குப் போய் விழுந்தது. துண்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு நடந்தார்.

“கால்ல போடுததுன்னு மட்டும் வாயத் தொறந்திராதிய” என்று அம்மா பின்னாலிருந்து அடிக்குரலில் சொன்னாள். உண்மையே பேசுகிற ஆளைக் கட்டிக்கொண்டால் இப்படியெல்லாம் கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அப்பா வண்டியை ஒட்டிப் போய் நின்றார். அவர் அவ்வளவு பக்கத்தில் போய் நான் பார்த்ததே இல்லை. இடது கையால் மேஜோட்டின் கரையைத் தூக்கிப் பிடித்தார். வெள்ளியின் கனத்தில் கம்பளி இழுபட்டு நீண்டுகொண்டே போயிற்று. அதனால் வலது உள்ளங்கையை அடியில் கொடுத்து நுனியைத் தாங்கிக்கொண்டார். அத்தையைப் பார்க்கவில்லை. சக்கரத்தின் கடையாணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கண்ண மூடிக்கிடணும் அத்த” என்றான் தம்பி. “பாத்து எடுக்கக் கூடாது.”

அத்தை சொன்னபடி கண்ணை மூடிக்கொண்டாள். வளையலை முழங்கைக்கு ஏற்றிவிட்டு, கையைப் பைய உள்ளே விட்டாள். வளைவில் கொஞ்சம் தடங்கிற்று. அப்புறம் இறங்கி, அடி வரைக்கும் போயிற்று. அவள் விரல்கள் கரண்டகத்தைத் தேடிப் பிடித்தது கம்பளிக்கு வெளியே எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவள் அதை எடுத்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். எடுக்கவில்லை. விரல்கள் கரண்டகத்தை விட்டு அதற்கும் அடியில் போயின. தாங்கிக்கொண்டிருந்த அப்பாவின் கையைக் கம்பளியோடு சேர்த்துக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

அப்பா அசையவில்லை. என் அக்கா பிறப்பதற்கும் முன்னால், அப்பா அவள் கூடவே இருந்த காலத்தில், அந்தக் கையை அத்தை கடைசியாகப் பிடித்திருப்பாள். வாசற்படியில் நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நான் வாய்விட்டே அழுதேன். எதற்கு அழுகிறேன் என்று யாரும் கேட்கவும் இல்லை.

தம்பிக்குத்தான் பொறுக்கவில்லை. வண்டிக்குள்ளேயே நின்று குதித்தான். “என்ன கெடச்சுது அத்த? கையில வந்துட்டுல்லா? எடுங்க!”

“எடுக்கேன்லே” என்றாள் அத்தை. மூடிய கண்ணை அவள் இன்னும் திறக்கவில்லை. “கெடச்சிட்டு. இன்னுங் கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”